மினி டிராக்டர் லோடர் மக்கர் செய்கிறதா? பம்பை மாற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

மினி டிராக்டரில் லோடர் தூக்காமல் நின்றால் முதலில் காதில் விழும் தீர்ப்பு "பம்ப் போச்சுண்ணே" என்பதுதான். பண்ருட்டியானாலும் சரி, பாகூரானாலும் சரி, வசனம் மாறாது. சில நேரம் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் பெரும்பாலும் எண்ணெய் குறைந்திருக்கும், ஹோஸை மாட்டிக் கழற்றும் இணைப்பான கப்ளர் முழுதாக உட்கார்ந்திருக்காது, ஃபில்டர் அடைத்திருக்கும், இல்லாவிட்டால் பிரஷர் எல்லை மீறினால் திறந்து எண்ணெயைத் திருப்பிவிடும் ரிலீஃப் வால்வில் கண்ணுக்கே தெரியாத ஒரு துணுக்கு சிக்கியிருக்கும். இருப்பதிலேயே விலை கூடிய சாமான்களில் ஒன்று பம்ப். அதை மாற்றிய பிறகும் கோளாறு அப்படியே நின்றால் வயிற்றெரிச்சல்தான் மிச்சம்.

அதனால் இங்கே சொல்லும் முறை, சந்தேகப்பட்டியலைப் பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போவது. ஒவ்வொரு சோதனையும் "கோளாறு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா" என்ற ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். காசு செலவாகாத சோதனைகள் முதலில், கழற்றிப் பார்ப்பது அப்புறம், கடைக்குப் போவது கடைசியில். ஏரி வண்டல் ஏற்றவும், தொழு உரம் அள்ளவும், சவுக்குக் கட்டை தூக்கவும் முன்பக்க பக்கெட் மாட்டியிருக்கும் சின்ன டிராக்டர்களை மனதில் வைத்து எழுதியது இது. பெரிய வண்டிக்கும் தத்துவம் ஒன்றுதான், அளவுகள் மாறும்.

கை வைக்கும் முன்

எஞ்சினை நிறுத்தியதும் பிரஷர் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். பக்கெட்டைத் தாங்கும் கையான ஆர்ம் மேலே நிற்கும்வரை அதன் எடை முழுவதையும் ஹோஸுக்குள் இருக்கும் எண்ணெய்தான் தாங்கிக்கொண்டிருக்கிறது. சமதரையில் வண்டியை நிறுத்தி, பக்கெட்டைத் தரையில் படுக்க வைத்து, எஞ்சினை நிறுத்தி, லிவரை நான்கு பக்கமும் இரண்டு மூன்று முறை ஆட்டுங்கள். அப்போதுதான் உள்ளே மிச்சமிருக்கும் பிரஷர் இறங்கும். ஆர்மை மேலே வைத்துத்தான் வேலை பார்க்க வேண்டும் என்றால் கம்பெனி கொடுத்த லாக் பட்டையையோ கனமான இரும்பு ஸ்டாண்டையோ போடுங்கள். செங்கல் அடுக்கு, சவுக்குக் கட்டை எல்லாம் வேண்டாம்.

இன்னொன்று, உயிர் சம்பந்தப்பட்டது. ஹோஸில் எங்கே கசிகிறது என்று விரலால் தடவிப் பார்க்கும் பழக்கம் நிறைய பேருக்கு இருக்கிறது. 150 பார் (பார் என்பது பிரஷரின் அளவு) பிரஷரில் ஊசித்துளை வழியாக வரும் எண்ணெய் கையுறையையும் துளைத்துத் தோலுக்குள் போய்விடும். வெளியே ஒரு சின்னப் புள்ளிதான் தெரியும். ஆரம்பத்தில் வலிகூடப் பெரிதாக இருக்காது. சில மணி நேரத்தில் உள்ளே சதை அழுக ஆரம்பித்து விரலையே எடுக்க வேண்டிய நிலை வரலாம். கசிவைத் தேட ஒரு அட்டைத் துண்டு போதும். ஹோஸ் ஓரமாக நகர்த்தினால் அட்டையில் ஈரம் விழும். அப்படியும் யாருக்காவது பட்டுவிட்டால் மஞ்சள் பத்து போட்டுக்கொண்டு உட்காராமல் ஜிப்மருக்கோ கடலூர் அரசு தலைமை மருத்துவமனைக்கோ உடனே போய், "ஹைட்ராலிக் எண்ணெய் பிரஷரோடு உள்ளே ஏறிவிட்டது" என்று தெளிவாகச் சொல்லுங்கள். வெறும் குத்துக்காயம் என்று சொன்னால் ஊசி போட்டு அனுப்பிவிடும் அபாயம் உண்டு. இதற்கு அறுவை சிகிச்சைதான் வழி.

லோடருக்கு எண்ணெய் எங்கிருந்து வருகிறது?

இதைத் தெரிந்துகொள்ளாமல் எந்தச் சோதனையும் பயன் தராது. நம் பக்கம் ஓடும் வண்டிகளில் இரண்டு அமைப்பு உண்டு.

ஒன்று, டிராக்டரின் சொந்த ஹைட்ராலிக் பம்பிலிருந்தே லோடருக்கும் லைன் எடுப்பது. பெரும்பாலும் கியர் பாக்ஸ், பின் அச்சு, ஹைட்ராலிக் எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணெய்தான். பிரேக்கும் அதே எண்ணெயில் நனைந்து ஓடும் வண்டியாக இருந்தால், அதற்கென்று உள்ள டிராக்டர் டிரான்ஸ்மிஷன் ஆயிலைத்தான் ஊற்ற வேண்டும். "எல்லாம் ஒண்ணுதான்" என்று கடையில் தரும் ஹைட்ராலிக் 68 ஊற்றினால் லோடர் வேலை செய்யும். பிரேக்கும் கியரும் பின்னால் கணக்குத் தீர்க்கும்.

இரண்டாவது, வெளியில் செய்து மாட்டிய லோடர் கிட். எஞ்சின் முன்பக்கத்திலோ, பின்னால் கருவிகளைச் சுற்றவிடும் தண்டான பி.டி.ஓ.விலோ தனி பம்ப், தனி டேங்க், தனி ஃபில்டர். இதற்கு 46 அல்லது 68 நம்பர் ஹைட்ராலிக் ஆயில் போதும். நம் வெயிலுக்கு 68 ஊற்றுகிறவர்கள்தான் அதிகம்; கிட் செய்தவர் வேறு சொல்லியிருந்தால் அவர் சொன்னதே சரி.

முதல் வெட்டு: வேறு எது பலமாக வேலை செய்கிறது?

ஒரே பம்பில் ஓடும் வண்டி என்றால் பின்னால் ரொட்டவேட்டரையோ கலப்பையையோ மாட்டித் தூக்கிப் பாருங்கள். பின்பக்க லிஃப்டும் திணறினால் கோளாறு இரண்டுக்கும் பொதுவான இடத்தில் இருக்கிறது: எண்ணெய், பம்புக்கு எண்ணெய் உறிஞ்சும் சக்ஷன் லைன், ஃபில்டர், பம்ப், டிராக்டரின் பிரதான ரிலீஃப் வால்வு. பின்னால் ஜம்மென்று தூக்குகிறது, முன்னால் மட்டும் சோர்வு என்றால் பம்பை மறந்துவிடலாம். லோடரின் கண்ட்ரோல் வால்வு, அதிலுள்ள ரிலீஃப், கப்ளர், ஹோஸ், சிலிண்டர் இவற்றில் ஒன்றுதான் காரணம். இந்த ஒரே சோதனை சந்தேகப்பட்டியலில் பாதியை அடித்துவிடும். ஆனாலும் இதைச் செய்யாமலே பம்பைக் கழற்றுகிறார்கள்.

தனி பம்ப் உள்ள கிட்டில் இந்தக் கேள்வி உதவாது. அங்கே ஆர்மையும் பக்கெட்டையும் ஒப்பிட வேண்டும். ஆர்ம் தூக்குவது, பக்கெட் மடக்குவது இரண்டுமே பலவீனம் என்றால் எண்ணெய், பம்ப், ரிலீஃப். ஒன்று மட்டும் என்றால் அந்த ஒன்றின் ஸ்பூல் (லிவரைத் தள்ளும்போது வால்வுக்குள் நகரும் தண்டு), ஹோஸ், சிலிண்டர். பின்பக்க லிஃப்ட் நன்றாக இருக்கும் முதல் வகை வண்டிக்கும் இந்த இரண்டாவது வெட்டு பொருந்தும்.

இதோடு ஒரு கேள்வி: ஒரு திசையில் மட்டும்தான் கோளாறா? ஏறுகிறது, இறங்க மாட்டேன் என்கிறது. அல்லது மடக்குகிறது, கவிழ்க்க மாட்டேன் என்கிறது. அப்படியானால் கிட்டத்தட்ட எப்போதுமே கப்ளர்தான், இல்லையென்றால் ஹோஸ். அதற்குப் பிறகு வருவோம்.

எண்ணெய்: அளவு மட்டும் போதாது, நிறமும் பேசும்

அளவு பார்க்கும்போது பக்கெட் தரையில் இருக்க வேண்டும், சிலிண்டர்கள் உள்ளே போயிருக்க வேண்டும். ஆர்மை மேலே வைத்துக்கொண்டு டிப் ஸ்டிக்கைப் பார்த்தால் குறைவாகத்தான் காட்டும். அதை நம்பி ஊற்றினால், ஆர்மை இறக்கியதும் மிச்ச எண்ணெய் பிரீதர் (டேங்க் காற்று வாங்கும் துளை) வழியாகப் பொங்கி வழியும்.

இப்போது கண்ணாடி பாட்டில் ஒன்றில் கொஞ்சம் எண்ணெய் எடுங்கள். பால் கலந்த டீ மாதிரி கலங்கியிருந்தால் காரணம் தண்ணீராகவும் இருக்கலாம், காற்றாகவும் இருக்கலாம். பாட்டிலை அசையாமல் வையுங்கள். காற்று என்றால் கொஞ்ச நேரத்தில் அடியிலிருந்து மேலாகத் தெளிந்துவிடும். இரவு முழுக்க வைத்தும் கலங்கலாகவே இருந்தாலோ, அடியில் தண்ணீர் தனியாகத் தேங்கினாலோ தண்ணீர் இறங்கியிருக்கிறது. அவசரமாகத் தெரிய வேண்டுமா? பழைய தோசைக்கல்லைச் சூடாக்கி, அடுப்பை அணைத்துவிட்டு, எட்ட நின்று ஒரு சொட்டு விடுங்கள். படபடவென்று பொரிந்தால் தண்ணீர். சத்தமில்லாமல் பரவிப் புகைந்தால் இல்லை.

நம் கடலூர், புதுச்சேரி பக்கம் இந்தச் சோதனைக்கு மற்ற இடங்களைவிட வேலை அதிகம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததும், அடுத்த சில நாட்களில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கரையோர ஊர்களுக்குள் புகுந்ததும் நினைவிருக்கும். அப்படி அச்சு மட்டத்துக்கு மேல் தண்ணீரில் நின்ற வண்டிகளில் பிரீதர் வழியாகவும் சீல் வழியாகவும் தண்ணீர் உள்ளே போயிருக்கும். ஸ்டார்ட் ஆகிறது, ஓடுகிறது என்பதற்காக அப்படியே விட்டால் சில மாதங்கள் கழித்து பம்ப் பேரிங்கும் வால்வு ஸ்பூலும் துருப்பிடித்து நிற்கும். வெள்ளத்தில் நின்ற வண்டியை வாங்கப் போகிறவர்களும் பாட்டிலோடு போவது நல்லது.

தண்ணீர் கலந்த எண்ணெயை ஒரு முறை இறக்கி ஊற்றினால் தீராது. சிலிண்டரிலும் ஹோஸிலும் கணிசமான எண்ணெய் தங்கிவிடும். டேங்க்கைக் காலி செய்து, புது எண்ணெயை ஊற்றி, ஆர்மையும் பக்கெட்டையும் கடைசி வரைக்கும் ஏற்றி இறக்கி ஓட்டி, சூடாக இருக்கும்போதே மறுபடி இறக்கிவிட்டு, ஃபில்டர் மாற்றி, அப்புறம்தான் நிரந்தர எண்ணெய் ஊற்ற வேண்டும்.

கழற்றிய ஃபில்டரைக் குப்பையில் போடாதீர்கள். கூட்டை அறுத்து மடிப்புக் காகிதத்தை விரித்துப் பாருங்கள். கிரைண்டரால் அறுத்தால் அதன் பொடியே உள்ளே விழுந்து ஏமாற்றும். ஹேக்ஸா போட்டாலும் பொடியைத் துடைத்துவிட்டுத் திறங்கள். காந்தத்தில் ஒட்டும் துகள் இரும்பு: கியர் அல்லது பேரிங். ஒட்டாத, மஞ்சளாக மின்னும் துகள் பம்ப் புஷ். வெள்ளையாக மின்னினால் பம்ப் உடம்பின் அலுமினியம். கறுப்பு ரப்பர் துணுக்கு என்றால் ஏதோ ஒரு ஹோஸ் உள்ளே உரிகிறது, அல்லது சீல் தின்னப்படுகிறது. பம்ப்மீது சந்தேகப்படுவதற்கு உலோகப் பொடிதான் நியாயமான முதல் சாட்சி.

சத்தம்: காற்று இழுக்கிறதா, எண்ணெய்க்கு ஏங்குகிறதா?

பம்ப் கீச்சென்றோ முனகியோ சத்தம் போட்டால் அதன் வாயில் எண்ணெய் சரியாகப் போகவில்லை. இதிலும் இரண்டு வகை. டேங்கில் நுரை நிற்கிறது, ஆர்ம் விட்டு விட்டு ஏறுகிறது என்றால் சக்ஷன் லைனில் எங்கோ காற்று நுழைகிறது. நுரையே இல்லாமல் கரகரவென்று, கூழாங்கல் உருள்வதுபோல் சத்தம் வந்தால் சக்ஷன் ஜல்லடை அடைத்திருக்கிறது அல்லது சக்ஷன் ஹோஸ் உள்ளே உரிந்து சப்பிக்கொள்கிறது.

காற்று நுழையும் இடத்தில் எண்ணெய் வெளியே கசிய வேண்டும் என்பதில்லை. அங்கே உறிஞ்சல்தான் நடக்கிறது. அதனால் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிப்பது கஷ்டம். எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, சக்ஷன் பக்கத்து கிளாம்ப், ஜாயின்ட் ஒவ்வொன்றின் மேலும் கிரீஸைத் தடித்துப் பூசிக்கொண்டே போங்கள். ஃபேன், பெல்ட் பக்கம் கை போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எந்த ஜாயின்டில் பூசியதும் சத்தம் மாறுகிறதோ அதுதான் வழி. ரப்பர் கெட்டித்துப் போன சக்ஷன் ஹோஸுக்குக் கிளாம்பை இன்னும் முறுக்குவது இரண்டு நாள் வைத்தியம், ஹோஸையே மாற்றுங்கள்.

எப்போது கோளாறு என்பதும் குறிப்புதான். காலையில் முனகி, ஓட ஓடச் சரியானால் அடைப்பு. காலையில் நன்றாக இருந்து, கத்திரி வெயிலில் மதியம் ஆக ஆகச் சோர்ந்தால் தேய்மானம்: சூட்டில் நீர்த்துப்போன எண்ணெய் பம்பிலோ வால்விலோ உள்ளுக்குள்ளேயே நழுவுகிறது.

கப்ளர், ஹோஸ், லிவர்

லோடரைக் கழற்றி மாட்டிய மறுநாள் வரும் கோளாறுகளில் பெரும்பகுதி குயிக் கப்ளர்தான். வெளியே பார்த்தால் மாட்டிய மாதிரியே இருக்கும், உள்ளே பந்து முழுதாகத் தள்ளப்பட்டிருக்காது. அடைபட்ட அந்த லைனில் ஒரு திசை மட்டும் செத்துவிடும். திரும்பி வரும் லைனில் இப்படி ஆனால் இன்னும் குழப்பம். எண்ணெய் உள்ளே போகிறது, வெளியே வர வழியில்லை, ஆர்ம் அசையாமல் நிற்கிறது, ரிலீஃப் கத்துகிறது. ஒவ்வொரு கப்ளரையும் கழற்றி, துடைத்து, "க்ளிக்" கேட்கும் வரை தள்ளுங்கள்.

"மாட்டவே முடியல அண்ணே, எவ்வளவு தள்ளினாலும் உள்ள போக மாட்டேங்குது" என்றால் வெயில்தான் காரணம். கழற்றி வெட்டவெளியில் வைத்த லோடரின் ஹோஸுக்குள் எண்ணெய் சூடாகி விரிந்து பிரஷர் ஏறியிருக்கும். சுத்தியலால் அடித்தால் நிப்பிள் முனை கெடும். லோடர் பக்கத்து ஹோஸை வேறு ஒரு ஜாயின்டில், துணி போர்த்தி, கண்ணாடி அணிந்து, ஸ்பேனரால் லேசாகத் தளர்த்தினால் சொட்டு எண்ணெயோடு பிரஷர் போய்விடும். டிராக்டர் பக்கம் பிரஷர் இருந்தால் எஞ்சினை நிறுத்தி லிவரை ஆட்டினாலே போதும். அடுத்த முறை கழற்றும்போதும் லிவரை ஆட்டிவிட்டுக் கழற்றி, நிழலில் வையுங்கள்.

ஹோஸ் வெளியே புதுசு மாதிரி இருந்தும் உள் ரப்பர் உரிந்து மடங்கி, ஒரு பக்கம் எண்ணெயை விட்டு மறுபக்கம் தடுக்கலாம். சந்தேகமான ஹோஸை அதே அளவுள்ள இன்னொன்றோடு இடம் மாற்றுங்கள். கோளாறும் கூடவே இடம் மாறினால் ஆள் கிடைத்துவிட்டான். புது ஹோஸ் அடிக்கப் போகும்போது பழையதை இரண்டு முனையோடும் எடுத்துக்கொண்டு போங்கள். புதுச்சேரியில் மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு தொழிற்பேட்டைப் பக்கம் கேட்டால் ஹோஸ் பிரஸ் செய்து தருவார்கள். அரை இஞ்ச் என்று மட்டும் சொன்னால் போதாது; மரை பி.எஸ்.பி.யா (பிரிட்டிஷ் குழாய் மரை), மெட்ரிக்கா, கூம்பு முனையா, தட்டை முனையா என்பது முக்கியம். ஒன்றில் ஒன்று இரண்டு சுற்று ஏறிவிடும், அப்புறம் மரையைத் தின்றுவிடும். பிரஷர் லைனுக்கு இரட்டைக் கம்பி ஹோஸ் கேளுங்கள்.

லிவர்: கேபிளோ ராடோ துருப்பிடித்து, ஸ்பூல் முழு தூரம் நகராவிட்டாலும் லோடர் மெதுவாகத்தான் ஏறும். வால்வு அருகே குனிந்து, ஒருவர் லிவரைத் தள்ள இன்னொருவர் ஸ்பூல் எவ்வளவு நகர்கிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும். எஞ்சின் நின்றிருக்கட்டும், பக்கெட் தரையில் இருக்கட்டும். லிவர் தானாக நடுவுக்குத் திரும்புகிறதா என்பதையும் பாருங்கள். கீழே தள்ளும் பக்கத்தின் கடைசியில் ஃப்ளோட் நிலை (ஆர்மை எண்ணெய் தாங்காமல் விட்டுவிடும் நிலை) உள்ள வால்வு என்றால், லிவர் அங்கே பூட்டிக்கொண்டிருந்தால் ஆர்ம் தொப்பென்று விழும். கோளாறு இல்லை, பழகாத டிரைவருக்குச் சொல்ல வேண்டிய விஷயம்.

மெதுவா, பலமில்லையா?

இரண்டும் வேறு வேறு நோய். வேகத்தைக் கொடுப்பது எவ்வளவு எண்ணெய் வருகிறது என்பது. பலத்தைக் கொடுப்பது பிரஷர். இதைப் பிரித்துவிட்டால் பம்பா, ரிலீஃபா என்ற சண்டை பாதி தீர்ந்துவிடும்.

வேகத்துக்கு வாட்ச் போதும். சிலிண்டர் உள் விட்டம் 5 செ.மீ., ராட் ஓடும் தூரம் 50 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 × 5 × 0.785 × 50 என்றால் சுமார் 980 மில்லி. ஆர்முக்கு இரண்டு சிலிண்டர், ஆகவே ஏறத்தாழ 2 லிட்டர். பம்ப் நிமிடத்துக்கு 20 லிட்டர் தருமானால் அடியிலிருந்து உச்சிக்கு 6 விநாடி. பம்ப் அளவு ஒரு சுற்றுக்கு 10 மில்லி என்றால், அந்த 20 லிட்டர் பம்ப் 2000 சுற்று சுற்றும்போதுதான் கிடைக்கும். எஞ்சினை முனகலில் வைத்துக்கொண்டு லோடர் மெதுவாக இருக்கிறது என்று சொல்வதில் அர்த்தமில்லை. உங்கள் சிலிண்டர் அளவையும் பம்ப் அளவையும் போட்டுக் கணக்கிடுங்கள். காலிப் பக்கெட்டோடு, எண்ணெய் சூடான பிறகு, ஏறும் நேரத்தை எடுங்கள். கணக்கைவிட ஒன்றிரண்டு விநாடி கூடினால் பரவாயில்லை. இரண்டு மடங்கானால் எண்ணெய் எங்கோ போகிறது.

பலத்துக்கு பிரஷர் கேஜ் வேண்டும். 250 அல்லது 400 பார் வரை காட்டும் கிளிசரின் கேஜ், ஒரு சின்ன ஹோஸ், உங்கள் கப்ளருக்குப் பொருந்தும் நிப்பிள். லோடர் வைத்திருக்கும் நாலு பேர் சேர்ந்து ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம். கப்ளரில் மாட்டி, எண்ணெய் சூடான பிறகு, எஞ்சினை வேலை வேகத்தில் வைத்து, அந்தப் பக்கம் லிவரைப் பிடியுங்கள். மூன்று நான்கு விநாடிக்கு மேல் பிடிக்காதீர்கள், எண்ணெய் கொதிக்கும். சின்ன டிராக்டர்களில் பொதுவாக 140 முதல் 200 பார் வரைக்குள் ஒரு எண்ணைக் கையேட்டில் கொடுத்திருப்பார்கள். அதோடு ஒப்பிடுங்கள்.

இனி இரண்டையும் சேர்த்துப் படிக்கலாம். காலிப் பக்கெட் சரியான நேரத்தில் ஏறுகிறது, ஆனால் கேஜ் குறைவாக நிற்கிறது என்றால் பம்ப் எண்ணெய் தருகிறது, ரிலீஃப் வால்வு சீக்கிரமே திறந்து விட்டுவிடுகிறது. காலிப் பக்கெட்டே மெதுவாக ஏறி, சூடு ஏற ஏற இன்னும் மோசமாகி, கேஜும் எட்டாவிட்டால், ஃபில்டரும் சக்ஷனும் சுத்தம் என்று ஏற்கெனவே உறுதி செய்திருந்தால், அப்போதுதான் பம்ப். கேஜ் சரியாகக் காட்டியும் சுமை ஏறவில்லை என்றால் ஹைட்ராலிக்கில் குறை இல்லை: சுமைதான் அதிகம், அல்லது ஆர்ம் மூட்டில் இருக்கும் பின் ஆணி துருப்பிடித்து இறுகியிருக்கிறது. ஈர வண்டல் ஒரு கன மீட்டர் ஒன்றரை டன்னைத் தாண்டும். காய்ந்த எருவை அள்ளிய அதே பக்கெட்டில் வீராணத்து ஈரக் களிமண்ணை நிரப்பினால் பின் சக்கரம்தான் எழும்பும். பின்னால் எடைப்பெட்டி போடாமல் அப்படி ஓட்டுவது வண்டியைக் கவிழ்க்கும் வேலை.

ரிலீஃப் வால்வில் பெரும்பாலும் அழுக்குதான். பிரஷரை இறக்கிவிட்டு, அட்ஜஸ்ட் திருகின் நீளத்தை அளந்து குறித்துக்கொண்டு கழற்றுங்கள். ஸ்பிரிங் உடைந்திருக்கிறதா, கூம்பு உட்காரும் இடத்தில் கோடு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். சுத்தமான டீசலில் கழுவி, அதே அளவில் திரும்ப மாட்டி, கேஜ் பாருங்கள். கேஜ் இல்லாமல் "ஒரு சுத்து டைட் பண்ணு தம்பி" என்பது மட்டும் வேண்டாம். 5 செ.மீ. சிலிண்டர் ஒன்று சதுர செ.மீ.க்கு 150 கிலோ (கிட்டத்தட்ட 150 பார்) பிரஷரில் கிட்டத்தட்ட 2,950 கிலோ விசையோடு தள்ளும். இரண்டு சிலிண்டர். பிரஷரை ஏற்றினால் அந்தக் கூடுதல் விசையை ஆர்ம் வெல்டிங்கும், முன் அச்சும், பம்ப் உடம்பும்தான் வாங்கிக்கொள்ளும்.

தூக்கி நிறுத்தினால் தானாக இறங்குகிறது

இதில்தான் தவறான சாமான் அதிகம் மாற்றப்படுகிறது. ஆர்ம் இறங்கினால் உடனே சிலிண்டர் சீல் கிட் போடுவார்கள். போட்ட பிறகும் இறங்கும். ஏன் என்று பார்ப்போம்.

ஸ்பூல் வால்வில் கொஞ்சம் கசிவு இயல்பு. சுமையோடு நிறுத்தி டீ குடித்துவிட்டு வரும்போது ஆர்ம் சற்று இறங்கியிருந்தால் பதற வேண்டாம். கண் முன்னே இறங்கினால்தான் கோளாறு.

ஆர்ம் சிலிண்டரில் சுமை ராடை உள்ளே தள்ளுகிறது. 5 செ.மீ. சிலிண்டர், 2.5 செ.மீ. ராட் என்றால், ராட் ஒரு செ.மீ. உள்ளே போக அடிப்பக்கத்திலிருந்து 19.6 மில்லி எண்ணெய் வெளியேற வேண்டும். பிஸ்டன் சீல் கிழிந்து, அந்த எண்ணெய் மறுபக்கம் போகிறது என்றே வைத்துக்கொள்வோம். அங்கே ராடே இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதால் 14.7 மில்லிக்குத்தான் இடம். மிச்சம் 4.9 மில்லி எங்கே போகும்? இரண்டு லைனையும் வால்வு இறுக்கமாக அடைத்திருந்தால் போக வழியே இல்லை. ஆர்ம் இறங்க முடியாது. ஆக, ஆர்ம் இறங்குகிறது என்றால் எண்ணெய் வால்வு வழியாகவோ, வெளிக்கசிவாகவோ போய்க்கொண்டிருக்கிறது. சீல் போயிருந்தால் உள் பிரஷர் 4 மடங்கு வரை ஏறி வால்வுக் கசிவை அதிகமாக்கும் என்பது உண்மை. ஆனால் வழி வால்வில்தான்.

பக்கெட் சிலிண்டரில் கதை தலைகீழ். பெரும்பாலான டிராக்டர் லோடர்களில் பக்கெட் சுமை ராடை வெளியே இழுக்கிறது. அங்கே பிஸ்டன் சீல் போனால், ராட் பக்க எண்ணெய் அடிப்பக்கத்துக்குத் தாராளமாகப் போகலாம், இடம் மிச்சமும் இருக்கும். எனவே பக்கெட் மட்டும் தானாகக் கவிழ்ந்தால் சீலைச் சந்தேகிப்பது நியாயம்.

ஆர்மைத் தூக்கி நிறுத்தி, கப்ளரைக் கழற்றிவிட்டு இறங்குகிறதா என்று பார்க்கச் சொல்கிறவர்கள் உண்டு. பிரஷர் உள்ள ஹோஸில் கை வைக்கும் வேலை அது. போதாததற்கு, மேலே போட்ட கணக்குப்படி ஆர்ம் சிலிண்டரின் சீலைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. சீலைச் சோதிக்க இப்படிச் செய்யுங்கள்:

1. ஆர்மும் பக்கெட்டும் தரையில் நன்றாக உட்காரட்டும். எஞ்சினை நிறுத்தி பிரஷரை இறக்குங்கள்.
2. ஆர்ம் சிலிண்டர் இரண்டிலும் ராட் முனைப் பின்னைக் கழற்றி, சிலிண்டர்களை கட்டையில் தாங்க வையுங்கள்.
3. எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, லிவரை இறக்கும் பக்கம் தள்ளி இரண்டு ராடையும் முழுக்க உள்ளே இழுங்கள். மறுபடி நிறுத்தி பிரஷரை இறக்குங்கள்.
4. ஒரு சிலிண்டரின் அடிப்பக்க ஹோஸைக் கழற்றி, ஹோஸ் வாயை இரும்பு மூடியால் இறுக்கி மூடுங்கள். திறந்திருக்கும் போர்ட்டுக்குக் கீழே ஒரு டப்பா.
5. எல்லோரும் விலகி நிற்க, மெதுவான வேகத்தில், இறக்கும் பக்கமே லிவரைச் சில விநாடி பிடியுங்கள். தப்பித்தவறியும் ஏற்றும் பக்கம் தள்ளாதீர்கள்.

போர்ட்டிலிருந்து முதலில் கொஞ்சம் சொட்டி நின்றுவிட்டால் சீல் நன்றாக இருக்கிறது. விடாமல் ஒழுகினால் போய்விட்டது. அடுத்த சிலிண்டருக்கும் இதையே செய்யுங்கள். பக்கெட் சிலிண்டரில் ராட் முனைப் பின்னைக் கழற்ற வேண்டியதில்லை. ஆர்மை இறக்கி, பக்கெட்டை முழுக்க மடக்கி, மடக்கும் பக்கம் லிவரைப் பிடித்துச் சோதிக்கலாம்.

சீல் தேறிவிட்டால் மிச்சம் வால்வு. ஸ்பூலும் உடம்பும் ஒன்றோடொன்று இழைத்துப் பொருத்திய ஜோடி. ஸ்பூலை மட்டும் வாங்கிப் போட முடியாது. வால்வையே மாற்ற வேண்டும். ஸ்பூல் முனையில் வெளியே ஒழுகினால் அது ஓ-ரிங் மட்டும், சில்லறைச் செலவு. நிறுத்தினால் நிற்கிறது, ஆனால் தூக்க லிவரைத் தொட்டதும் முதலில் சற்று இறங்கிவிட்டு அப்புறம் ஏறுகிறது என்றால் வால்வுக்குள் இருக்கும், சுமை எண்ணெயைப் பின்னுக்குத் தள்ளாமல் தடுக்கும் லோட் செக் வால்வில் அழுக்கு. கழற்றிச் சுத்தம் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

ராடும் உப்புக்காற்றும்

தேவனாம்பட்டினம், பரங்கிப்பேட்டை, வீராம்பட்டினம் பக்கம் ஓடும் வண்டிகளுக்கு உள்கோளாறைவிட ராட் மேல் விழும் புள்ளித் துருதான் பெரிய எதிரி. உப்புக்காற்று குரோம் பூச்சுக்கு அடியில் போய்க் குழி போடும். அந்தக் குழியின் விளிம்பு ஒவ்வொரு முறை உள்ளே போகும்போதும் சீலைச் சீவும். ராடை விரல் நகத்தால் வருடிப் பாருங்கள், இது எஞ்சின் நின்ற பிறகு. நகம் தட்டினால் சீலும் அறுபடுகிறது. லேசான கீறல் என்றால் 1000 நம்பர் நீர் எமரியை எண்ணெயில் நனைத்து, ராடைச் சுற்றியவாறு, நீளவாட்டில் இல்லாமல், தேய்த்து விளிம்பை மழுக்கலாம். குழி ஆழம் என்றால் லேத்தில் கொடுத்து ராடை மாற்றுவதோ மறு குரோம் போடுவதோதான் வழி. துருப்பிடித்த ராடில் புது சீல் போடுவது காசைக் கடலில் போடுவது.

சீல் மாற்றும்போது பழைய சீலின் உதடு எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று கழற்றும்போதே போட்டோ எடுத்துவிடுங்கள். உதடு பிரஷர் வரும் பக்கம் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டால் புது சீலும் ஒழுகும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பாதீர்கள், எண்ணெய் தடவி, வெந்நீரில் போட்டு இளக்கி, கையால் ஏற்றுங்கள். பிஸ்டன் நட்டுக்கு லாக் பசை தடவி, கையேட்டில் சொன்ன அளவுக்கு முறுக்குங்கள்.

மாட்டிய பிறகு

எந்த ஹோஸைக் கழற்றி மாட்டினாலும் உள்ளே காற்று இருக்கும். டேங்க் அளவைச் சரிசெய்து, எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, காலிப் பக்கெட்டோடு ஆர்மையும் பக்கெட்டையும் கடைசி வரைக்கும் நிதானமாக ஏற்றி இறக்குங்கள். ஆட்டம் நின்று சீராக ஓடும்வரை சுமை ஏற்றாதீர்கள், உச்சியில் லிவரைப் பிடித்து ரிலீஃபைக் கத்தவிடாதீர்கள். பிறகு பக்கெட்டை இறக்கி, அளவை மறுபடி பாருங்கள். காற்று வெளியேறிய அளவுக்கு எண்ணெய் குறைந்திருக்கும். முதல் நாள் வேலை முடிந்ததும், பிரஷரை இறக்கிவிட்டு, கழற்றிய ஜாயின்டுகளை ஒரு முறை ஸ்பேனர் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

பம்ப்தான் என்று கடைசியில் முடிவானால், பட்டறைக்குப் போகும்போது "லோடர் வேலை செய்யல" என்று மட்டும் சொல்லாமல் இந்த விவரங்களை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்: பின்பக்க லிஃப்ட் எப்படி இருக்கிறது, காலிப் பக்கெட் ஏறும் நேரம் குளிரில் எவ்வளவு, சூட்டில் எவ்வளவு, கேஜ் எந்த எண்ணில் நின்றது, ஃபில்டரில் என்ன கிடந்தது. அறுத்த ஃபில்டரையும் ஒரு கவரில் போட்டுக்கொள்ளுங்கள். புது பம்ப் மாட்டும்போது சக்ஷன் ஜல்லடையையும் டேங்க் அடியையும் கழுவச் சொல்லி, முடிந்தால் பக்கத்திலேயே நின்று பாருங்கள். பழைய பம்ப் உதிர்த்த பொடி டேங்கில் கிடந்தால் புதியதும் அதே வழியில்தான் போகும். மாட்டும் முன் புது பம்பின் வாயில் கொஞ்சம் எண்ணெய் ஊற்றிக் கையால் சுற்றிவிடச் சொல்லுங்கள். வறண்டு சுற்றும் முதல் சில விநாடிகளிலேயே புஷ்ஷில் கோடு விழுந்துவிடும்.